பன்னிரண்டு அங்குலச் சதுரம்

பாட்டுத் தொகுதிக்கு ஆல்பம் என்ற பெயரை இன்று வழங்கிவரும் நாம், ஒரு காலத்தில் அது உண்மையாகவே புகைப்பட ஆல்பத்தைப் போன்ற கனத்த புத்தகத்தைக் குறித்தது என்பதை மறந்தே போய்விட்டோம். நிமிஷத்துக்கு 78 முறை சுழன்ற பழைய அரக்குத் தட்டில் ஒரு பக்கத்துக்குச் சில நிமிஷப் பாட்டுத்தான் அடங்கும். ஆகவே நீண்ட சங்கீதத்தை விற்க நினைத்தவர்கள் பல தட்டுகளைக் காகித உறைகளில் இட்டு, அவ்வுறைகளைச் சேர்த்துத் தைத்து, மேலே தடித்த அட்டை போட்டுக் கொடுத்தார்கள். 1940-ஐ ஒட்டி, அமெரிக்காவின் கொலம்பியா கம்பெனியில் இருந்த அலெக்ஸ் ஸ்டைன்வைஸ் என்னும் இளம் ஓவியர் அந்த வெற்று அட்டையின்மேல் சித்திரம் தீட்டத் தொடங்கினார். 1948-ல் அதே கம்பெனி 33⅓ முறை சுழலும் நெடுந்தட்டை வெளியிட்டபோது பல தட்டுகள் ஒன்றாயின. பெயர் மட்டும் தங்கிவிட்டது. பன்னிரண்டு அங்குலத்துக்குச் சற்று மிகுந்த ஒரு சதுரம் ஓவியர்களுக்கு நிரந்தரமாகக் கிடைத்தது.

அச்சதுரத்தில் பெரும்பாலும் குடியேறியவை பாடகரின் சிரித்த முகமும் கொட்டை எழுத்தில் அவர் பெயருந்தான். சரக்கு விற்க வேண்டுமானால் அதன் முகம் தெரிய வேண்டும் என்பது வியாபார தர்மம் அல்லவா? ராக் சங்கீதமோ, யாருக்கும் பணியாத இளைஞர்களின் சங்கீதம் என்று தன்னைப் பற்றி எண்ணிக்கொண்ட ஒன்று; ஆதலால், வாங்க வருகிறவனுக்குக்கூடப் பணியாத ஒரு தோரணையைத் தன் உறையிலும் அது மேற்கொண்டது. 1956-ல் வந்த எல்விஸ் பிரெஸ்லியின் முதல் ஆல்பத்தைப் பாருங்கள். ஃப்ளோரிடாவின் டாம்பா நகரில் முந்தின ஆண்டு கச்சேரி நடக்கும்போதே எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். கண்களை இறுக மூடி, வாயை அகலத் திறந்து, கிதாரை மார்போடு அணைத்து நிற்கும் அவர் நம்மைப் பார்க்கவே இல்லை. இடப்புறம் மேலிருந்து கீழாக இளஞ்சிவப்பிலும், அடியில் பச்சையிலும் அவர் பெயர்.

1967-ல் பீட்டில்ஸ் குழுவினருக்காகப் பீட்டர் பிளேக்கும் அவர் மனைவி ஜேன் ஹாவொர்த்தும் அமைத்த ‘சார்ஜன்ட் பெப்பர்’ உறையில் பெரிய ஜனக்கூட்டமே கூடியது. பரமஹம்ச யோகானந்தர் முதலிய நம் நாட்டு யோகிகளும் அதில் உண்டு. காந்தியடிகளின் உருவமும் இருந்தது. இந்தியாவில் மனம் புண்படும் என்று அஞ்சிய ஈ.எம்.ஐ. கம்பெனியார் அதை நீக்கச் செய்தார்கள். அஞ்சியது நியாயமே என்பது என் அபிப்பிராயம். மறு ஆண்டே ரிச்சர்ட் ஹாமில்டன் அதே குழுவுக்கு வெறும் வெள்ளை அட்டையைக் கொடுத்து, பெயரை மையில்லாமல் புடைப்பாக அழுத்தி, சொற்பப் பிரதிகளே கொண்ட ஓவிய அச்சுக்கு இடுவதுபோல் லட்சக்கணக்கான பிரதிகளுக்கு வரிசை எண் குத்தச் செய்தார், குறும்புதான்! 1971-ல் லெட் செப்பலின் குழுவினரோ தங்கள் நாலாவது ஆல்பத்தின் வெளிப்புறத்தில் பெயரும் தலைப்பும் கூடவே கூடாது என்று பிடிவாதம் செய்தார்கள். முதுகில் சுள்ளிக் கட்டைச் சுமந்து குனிந்து நிற்கும் ஒரு கிழவர் படம் மட்டும் அதில் உண்டு. ஓவியம் என்றே பலரும் நம்பியிருந்த அது, வில்ட்ஷயரில் கூரை வேய்ந்து பிழைத்த ஒருவரின் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் புகைப்படத்திலிருந்து வந்ததென்று 2023-ல் வெளியாயிற்று.

அதே 1971-ல் ஆண்டி வார்ஹாலின் யோசனைப்படி ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவினர் ‘ஸ்டிக்கி ஃபிங்கர்ஸ்’ உறையில் ஒரு ஜீன்ஸ் காற்சட்டையின் படத்தைப் போட்டு, அதில் உண்மையான ஜிப்பையே பொருத்தினார்கள். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி அனுப்பியபோது, ஓர் உறையின் ஜிப் அடுத்த தட்டை அழுத்தி வடுவாக்கிற்று. ஜிப்பைப் பாதி இறக்கி அனுப்புவது என்று பிறகு ஓர் உபாயம் கண்டார்கள்; அப்போது அதன் இழுப்பு தட்டின் நடுவே ஒட்டிய காகித வட்டத்தின்மேல் போய் உட்காரும். அங்கே கெடுவதற்குப் பாட்டு இல்லை.

இவை எல்லாவற்றிலும் என் மனத்துக்கு உகந்தது, 1973-ல் பிங்க் ஃப்ளாய்ட் குழுவுக்காக ஹிப்னாஸிஸ் என்ற சித்திரக் கூடத்தார் செய்ததுதான். கருமையான தளத்தில் ஒரு முப்பட்டகம். ஒருபுறம் வெள்ளொளி நுழைந்து மறுபுறம் நிறங்களாகப் பிரிகிறது. பள்ளிக்கூடப் பௌதிகப் புத்தகத்தின் படமேதான். ஆனால் நியூட்டன் எண்ணிய ஏழு நிறங்களில் கருநீலத்தை விட்டுவிட்டு ஆறையே தீட்டியிருக்கிறார்கள். மேடையில் விளக்கொளி ஜாலங்களுக்குப் பேர்போன குழு அது. உறையை விரித்தால் நிறப்பட்டைகள் உள்ளே தொடர்ந்து ஓடி, அவற்றுள் பச்சைப் பட்டை இதயத் துடிப்பின் கோடாகத் துள்ளுகிறது. தட்டும் இதயத் துடிப்பின் ஒலியோடேதான் தொடங்கி, அதனோடேதான் முடிகிறது.

பணியாமையும் நாளடைவில் ஒரு சம்பிரதாயமாயிற்று. நீண்ட சிக்கலான ராக் என்றால் ரோஜர் டீன் ‘யெஸ்’ குழுவுக்குத் தீட்டிய விசித்திர நிலப்பரப்புகள். உரத்த மெட்டல் என்றால் ‘அயர்ன் மெய்டன்’ உறைகளில் 1980 முதல் வரும் எடி என்னும் பிணமுகம். பங்க் என்றால் 1977-ல் ஜேமி ரீட் ‘செக்ஸ் பிஸ்டல்ஸ்’ குழுவுக்கு அமைத்தது போன்ற, பத்திரிகையிலிருந்து கத்தரித்து ஒட்டிய மொட்டைக் கடிதத்து எழுத்துகள். கடையில் அட்டையைப் பார்த்தவுடனே, ஊசி தட்டில் படுமுன்பே, இன்ன ஜாதிச் சங்கீதம் என்று ரஸிகன் சொல்லிவிடுவான்.

1979 செப்டம்பரில் நியூயார்க்கின் பலேடியம் அரங்கில், ‘கிளாஷ்’ குழுவின் பால் சிமனன் தம் பேஸ் கிதாரை மேடையில் அடித்து உடைத்ததைப் பென்னி ஸ்மித் படம் பிடித்தார். படம் தெளிவாக விழவில்லை, உபயோகப்படாது என்று எடுத்தவரே சொன்னார். பாடகர் ஜோ ஸ்ட்ரம்மர் அதுதான் வேண்டும் என்றார். ரே லவுரி அதற்கு இடப்புறம் இளஞ்சிவப்பிலும் அடியில் பச்சையிலும் ‘லண்டன் காலிங்’ என்ற தலைப்பை, 1956-ன் எழுத்துகளைப் போலவே எழுதிவைத்தார். எல்விஸ் கிதாரை அணைத்து நின்ற அதே இடத்தில், அதைத் தலைக்குமேல் ஓங்கியபடி ஒருவர் குனிந்திருக்கிறார். அவரும் நம்மைப் பார்க்கவில்லை.