ஊசிக்கு முன்னால சினை பாருங்க

எங்க கொறங்காட்டு மயிலைப் பசு மூணு மாசமா பருவத்துக்கு வரவில்லை. "ஒரு ஊசி போட்டா வந்துருமுங்க" என்றார் வந்தவர். நாலாம் நாள் கன்னு வீசிருச்சு. காளையோடு மேய்ந்த மாடு. சினையானதை நாங்களும் கவனிக்கவில்லை.

பிறகுதான் விவரம் கேட்டேன். சினைப்பையில் முட்டை வளரும் கொப்புளம் ஈஸ்ட்ரோஜனைச் சுரக்கும். மாடு கத்துவதும் தாவுவதும் அதனால்தான். முட்டை வெளியேறிய இடத்தில் ஒரு மஞ்சள் கட்டி உருவாகி புரோஜெஸ்டிரோனைச் சுரக்கும். சினை தங்குவது அதன் தயவில். கரு இல்லையென்றால் 17 நாள் வாக்கில் கருப்பையே புரோஸ்டாகிளாண்டினை அனுப்பி அந்தக் கட்டியைக் கரைத்துவிடும்; 21 நாளில் அடுத்த பருவம். எங்க மாட்டுக்குப் போட்டதும் அதே புரோஸ்டாகிளாண்டின்தான். கட்டி கரைஞ்சுது, சினையும் போச்சு.

கட்டியே இல்லாத மாட்டுக்கோ இந்த ஊசி வேலையே செய்யாது. கொழுக்கட்டைப்புல் காய்ந்த கோடையில் மாடு மெலிந்தால், சினைப்பையைத் தூண்டும் ஹார்மோனை மூளை குறைத்துவிடும். அதுக்குத் தேவை தீவனமும் தாது உப்பும்.

இப்போதெல்லாம் கை விட்டுச் சினை பார்க்காமல் ஊசியை எடுக்க விடுவதில்லை. காளை தாவிய தேதியைக் கட்டுத்தறிச் சுவரில் கரியால் எழுதி வைக்கிறேன்.