வாக்குச் சீட்டும் யாவாரமும்

தேர்தல் முறை அரசியல்வாதிகளின் கணக்கு. நம்ம யாவாரத்துக்கும் அதுக்கும் என்ன தொடர்பு என்று கேட்போர் அநேகர். தொடர்பு இருக்கிறது. நமது நாட்டின் அனுபவமே போதும்.

1970 இல் தொகுதிவாரி முறை. சுமார் 38 சதவீத வாக்குப் பெற்ற ஐக்கிய தேசியக் கட்சிக்குக் கிடைத்தது 17 ஆசனம். இடதுசாரிகளோடு தொகுதி உடன்பாடு செய்திருந்த சுதந்திரக் கட்சிக்கு 37 சதவீத வாக்குக்கு 91 ஆசனம். 1977 இல் ஐ.தே.க. 51 சதவீதத்துடன் 168 இல் 140 ஆசனங்களை அள்ளியது. சுதந்திரக் கட்சிக்கு எட்டே எட்டு.

ஆசனம் இப்படிப் புரண்டால் கொள்கையும் புரளும். 1970க்குப் பின் இறக்குமதிக் கட்டுப்பாடு, தோட்டங்கள் அரசுடைமை. 1977 முடியுமுன் திறந்த பொருளாதாரம். இறக்குமதிப் புடைவைக் கடைக்காரர் நிமிர்ந்தார்; மருதமுனை போன்ற நெசவூர்கள் வெளிநாட்டுத் துணியோடு மோத வேண்டி வந்தது. ஏழு வருடத்துக்கொருமுறை தலைகீழாகும் நாட்டில் யார் துணிந்து முதல் போடுவார்?

1978 யாப்பு விகிதாசார முறையைக் கொண்டுவந்தது. 12.5 சதவீதமாக இருந்த வெட்டுப்புள்ளி, மர்ஹூம் அஷ்ரஃப் அவர்களின் வற்புறுத்தலால் 1988 இல் 5 ஆகக் குறைந்தது. சிறு கட்சிகளுக்குப் பேரம் பேசும் பலம் வந்தது.

அதற்கும் ஒரு விலை உண்டு. கூட்டரசில் ஒவ்வொரு பங்காளிக்கும் ஓர் அமைச்சு. அமைச்சரவை ஊதும், செலவும் ஊதும். பெர்சன், தபெலினி என்ற இரு பொருளியலாளர்கள் பல ஜனநாயக நாடுகளை ஒப்பிட்டு, விகிதாசார முறையுள்ள நாடுகளில் அரச செலவு கூடுதல் என 2003 இல் எழுதினார்கள். போதாததற்கு நம்மிடம் விருப்பு வாக்கு. ஒரு தொகுதியில் கேட்ட வேட்பாளர் இப்போது முழு மாவட்டமும் அலைய வேண்டும், சொந்தக் கட்சிக்காரரோடேயே மோத வேண்டும். காசு எங்கிருந்து வரும்? கொடுத்தவர் சும்மா கொடுத்திருப்பாரா? நாளை கொந்தராத்தாக, அனுமதிப்பத்திரமாகத் திருப்பிக் கேட்பார். நேர்மையாகக் கேள்விமனு போடுபவர் வெளியே நிற்பார்.

முறை மட்டுமே எல்லாவற்றையும் தீர்மானிப்பதில்லை. இதே விகிதாசாரத்தில்தான் 2024 இல் ஒரே அணி 225 இல் 159 ஆசனம் பெற்றது. ஆனாலும் தேர்தல் சீர்திருத்தப் பேச்சு வரும்போதெல்லாம், “நமக்கு எத்தனை ஆசனம்?” என்பதோடு நாம் நின்றுவிடுகிறோம். அது நியாயமான கேள்விதான். கூடவே இன்னும் இரண்டைக் கேட்க வேண்டும்: இந்த முறையில் ஒரு கொள்கை எத்தனை வருடம் நிலைக்கும்? வேட்பாளரின் செலவை யார் கட்டுவார்?