வாசலில் வந்து விரிசல் நீக்கும் தொழில்

சயான்–பன்வேல் நெடுஞ்சாலையில் முன்னே செல்லும் லாரியின் சக்கரம் தெறிக்கவிடும் சிறு கல் போதும். காரின் முன்கண்ணாடியில் சில்லு விழுந்துவிடும். நாணய அளவைத் தாண்டாத சில்லானால், பெரும்பாலும் கண்ணாடியை மாற்ற வேண்டியதில்லை. பிசினைச் செலுத்திப் புறஊதா விளக்கால் இறுக்கிவிடலாம். நெருளில் வீடுதேடிச் சென்று இப்பணி செய்ய முனைவோர்க்குக் கருவிகள் பெருஞ்சிக்கல் அல்ல. முத்ரா திட்டத்தின் சிசு பிரிவில் ரூ.50,000 வரை கடன் உண்டு. இப்படியொரு பணி இருப்பதையே கார் உரிமையாளர் பலர் அறியாதிருப்பதுதான் சிக்கல்.

ஆகவே, விளம்பரப் பலகைக்குச் செலவிடுமுன், கண்ணாடியை அன்றாடம் காண்பவரை நாடுமாறு கூறுவோம். விடியற்காலையில் குடியிருப்புச் சங்க வளாகங்களில் கார் துடைப்பவர், உரிமையாளருக்கு முன்பே சில்லைக் கண்டுவிடுகிறார். அவர் காட்டித்தரும் ஒவ்வொரு வண்டிக்கும் சிறு தொகை அளிக்கலாம். சங்கச் செயலாளரின் அனுமதியை மட்டும் முதலிலேயே பெற்றுவிட வேண்டும்; வாயிற்காவலரோடு வாதிட்டுப் பயனில்லை!

காப்பீட்டு முகவர்களும் துணையாவர். சேதத்துக்கு இழப்பீடு கோரினால், கோராதவர்க்குரிய 20 முதல் 50 விழுக்காடு வரையிலான தள்ளுபடி பொதுவாகப் பறிபோகும். இக்கணக்கைச் சொன்னால் உரிமையாளர் செவிசாய்ப்பார்.

ஓட்டுநரின் நேர்ப்பார்வையில் விழுந்த சில்லை மட்டும் ஏற்க வேண்டாம். பழுதுபார்த்தபின்னும் மங்கல் தடம் எஞ்சும். நீரும் அழுக்கும் புகுந்த விரிசலில் பிசின் சரியாகப் பற்றாது என்பதால், ஜூன் மழைக்கு முன்பே வளாகங்களைச் சுற்றிவருவது நலம்.