புதிய கணக்குத் திறக்க முன் வங்கி எதைப் பார்க்கிறது?

“படிவம் நிரப்பிக் கொடுத்து இரண்டு வாரமாகிறது. இன்னும் செக் புத்தகம் கைக்கு வரவில்லை.” புதிதாக ஒரு வங்கியில் நடைமுறைக் கணக்குத் திறக்கப் போன வர்த்தகர்கள் பலர் இப்படிக் குறைப்படுவதைக் கேட்டிருக்கிறேன். முன்பெல்லாம் அந்தக் கிளையில் கணக்குள்ள ஒரு ஹாஜியார் அறிமுகக் கையொப்பம் வைத்தால் பாதி வேலை முடிந்துவிடும். இன்று அந்தக் கையொப்பத்தை விட, உங்களது பழைய கொடுக்கல் வாங்கல்தான் உங்களுக்காகப் பேசுகிறது.

அந்தப் பழைய கணக்கு வழக்கு பதிந்திருக்கும் இடம், இலங்கை கொடுகடன் தகவல் பணியகம். ‘கிரிப்’ என்று நாம் சொல்வது இதைத்தான். 1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைக்கப்பட்டது. வங்கிகளும் நிதிக் கம்பனிகளும் லீசிங் கம்பனிகளும் தாம் கொடுத்த கடன்களின் விபரத்தை இதற்கு அனுப்புகின்றன. இஸ்லாமிய வங்கிப் பிரிவில் முறாபஹா, இஜாரா என்று எடுத்த வசதிகளும் இதற்கு விலக்கல்ல.

அறிக்கையில் வருவது என்ன? நீங்கள் எடுத்த கடன், மீதி, தவணை பிந்திய விபரம், கடன் அட்டை, பணமில்லாமல் திரும்பிய காசோலை, நீங்கள் பிணை நின்ற கடன் ஆகியன வரும். உங்கள் சேமிப்பில் எவ்வளவு இருக்கிறது என்பது வராது. கிரிப் யாரையும் ‘கறுப்புப் பட்டியலில்’ போடுவதும் இல்லை. அது தகவலைக் கொடுக்கிறது; கொடுப்பதா மறுப்பதா என்று தீர்மானிப்பது வங்கிதான்.

எமது வர்த்தகர்கள் கவனிக்காமல் விடுவது பிணையைத்தான். புறக்கோட்டையில் மொத்த வியாபாரம் செய்யும் எனது நண்பர் ஒருவர், ஒரு தவணைகூடப் பிந்தாதவர். அவரது விண்ணப்பத்தை ஒரு வங்கி நிறுத்தி வைத்தது. விசாரித்ததில், மச்சானின் வேன் லீசிங்குக்கு அவர் போட்ட பிணைக் கையொப்பம் வெளியே வந்தது. மச்சான் பல மாதம் தவணை கட்டவில்லை. இவருக்குச் சொல்லவும் இல்லை. மறுக்க முடியாத உறவுக்காகப் பிணை நிற்கிறோம். நின்ற பிறகு தவணை போகிறதா என்று மாதா மாதம் கேட்பதற்கு வெட்கப்படத் தேவையில்லை.

அடுத்தது காசோலை. பின்திகதியிட்ட செக்கில்தான் எமது வியாபாரம் ஓடுகிறது. கணக்கில் பணமில்லை என்று தெரிந்துகொண்டே காசோலை கொடுப்பது 1990ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடன் அறவிடல் சட்டத்தின்படி குற்றமாகும். ஆள் சமாதானமாகிக் காசை வாங்கிக்கொண்டாலும், செக் திரும்பிய பதிவு உடனே மறைந்துவிடாது.

கடன் வரலாறு சரியாக இருந்தாலும் இன்னொரு சோதனை உண்டு. 2006ஆம் ஆண்டின் 6ஆம் இலக்க, நிதியியல் கொடுக்கல் வாங்கல்களை அறிக்கையிடும் சட்டத்தின்படி, வாடிக்கையாளர் யார், பணம் எங்கிருந்து வருகிறது, மாதம் எவ்வளவு புரளும் என்று வங்கி கேட்டே ஆகவேண்டும். 10 இலட்சம் ரூபாவும் அதற்கு மேலும் காசாகப் போட்டாலோ எடுத்தாலோ, வங்கி அதை மத்திய வங்கியின் நிதியியல் உளவறிதல் பிரிவுக்கு அறிவிக்கும். இது வழமையான அறிவிப்பு, குற்றச்சாட்டல்ல. அதைத் தவிர்க்க நினைத்து 15 இலட்சத்தை மூன்றாகப் பிரித்து வைப்பிலிடுபவர்கள்தான் வீண் சந்தேகத்தைத் தேடிக்கொள்கிறார்கள்.

பெயர் விடயமும் எமக்கு முக்கியமானது. தடை விதிக்கப்பட்டோர் பட்டியலோடு ஒவ்வொரு புதிய வாடிக்கையாளரின் பெயரையும் வங்கி ஒப்பிட்டுப் பார்க்கும். முஹம்மத் என்ற பெயரை ஆங்கிலத்தில் நாலைந்து விதமாக எழுதுகிறோம். அடையாள அட்டையில் ஒன்று, வியாபாரப் பதிவில் இன்னொன்று, கடவுச்சீட்டில் வேறொன்று என்றிருந்தால், யாரோ ஒருவரது பெயரோடு உங்கள் பெயர் பொருந்தி, விண்ணப்பம் மேசையில் கிடக்கும். எல்லாப் பத்திரங்களிலும் ஒரே எழுத்தாக்கி வையுங்கள். பழைய 9 இலக்க அடையாள அட்டை எண்ணும் புதிய 12 இலக்க எண்ணும் உள்ளவர்கள் இரண்டையும் சொல்லிவிடுங்கள்.

வங்கிக்குப் போகுமுன் உங்கள் கிரிப் அறிக்கையை நீங்களே எடுத்துப் பாருங்கள். வங்கிக் கிளை மூலமாகவும், நேரடியாகப் பணியகத்திலும் கட்டணம் செலுத்திப் பெறலாம். கட்டி முடித்த கடன் இன்னும் பாக்கியாகக் காட்டினால், கடன் முடிந்த கடிதத்தோடு அந்தக் கடனைத் தந்த நிறுவனத்துக்கு எழுத்தில் அறிவியுங்கள். திருத்தம் அங்கிருந்துதான் வரவேண்டும். அதனால் கடன் முடிந்த கடிதத்தை எறிந்துவிடாதீர்கள். கடை உறுதியோடு சேர்த்துப் பத்திரமாக வையுங்கள்.

வியாபாரப் பதிவுப் பத்திரம், முகவரியை உறுதிப்படுத்தும் மின்சாரப் பட்டியல், பழைய வங்கியின் கணக்குக் கூற்று ஆகியவற்றையும் கொண்டுபோங்கள். பிந்திய தவணை ஏதுமிருந்தால், முகாமையாளர் கண்டுபிடிக்கும் முன்பே காரணத்தோடு சொல்லிவிடுங்கள். எப்படியும் அது அவர் மேசைக்கு வரத்தான் போகிறது.