எல்லுக்குக் கீழே ஒரு கோடு

தமிழின் ‘ழ’வை ரோமன் எழுத்தில் எழுதும் ஆய்வாளர்கள் ‘எல்’லுக்குக் கீழே ஒரு கோடு இடுவார்கள். ‘ள’ என்றால் கோட்டுக்குப் பதில் புள்ளி. ஒலியியலாரோ ‘ழ’வுக்கு ‘ஆர்’ எழுத்தைத் தலைகீழாகத் திருப்பி, அதன் நுனியில் ஒரு கொக்கியை மாட்டுவார்கள். எழுத்துருவில் இந்த வடிவங்கள் இல்லையென்றால் கணினி வேறோர் எழுத்துருவிலிருந்து கடன் வாங்கும். அச்சிட்ட பக்கத்தில் அந்த ஓர் எழுத்து மட்டும் ஒட்டாமல் துருத்தி நிற்கும்.

அந்தத் துருத்தல் இல்லாத எழுத்துரு ஜென்டியம். பெயர் லத்தீன், ‘எல்லா நாட்டு மக்களுக்கும் உரியது’ என்று பொருள் கொள்ளலாம். கோடு முடியும் இடத்தில் சிறு பாதம் வைத்த செரிஃப் வகை. நீண்ட நூல்களைப் படிக்க இதமானது. வடிவமைத்தவர் விக்டர் கால்ட்னி. இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழகத்தில் 2002-இல் அவர் எழுதிய ஆய்வேடே எழுத்துகளோடு சேரும் குறிகளை வடிவமைப்பது பற்றியதுதான். சிறுபான்மை மொழிகளில் பணியாற்றும் எஸ்.ஐ.எல். நிறுவனம் இதை வெளியிட்டது. ரோமன், கிரேக்க, சிரிலிக் எழுத்துகளும் சர்வதேச ஒலியியல் குறிகளும் ஒரே கை எழுதியதுபோல் இதில் இணங்கி நிற்கின்றன.

குறிகள்தான் இதன் உயிர். வியட்நாமிய மொழியில் ஓர் உயிரெழுத்தின் தலையில் இரண்டு குறிகள்கூட ஏறும். குறிகள் ஒன்றையொன்று இடிக்காமல் அமர, கண்ணுக்குத் தெரியாத பொருத்துப் புள்ளிகள் எழுத்துருவுக்குள் இருக்கின்றன. எழுத்து வடிவங்களிலும் இதே கவனம்தான். ‘ங்’ ஒலிக்கான ரோமன் எழுத்தை எடுத்துக்கொள்வோம். ‘என்’னின் வலக்காலைக் கீழே இழுத்து வளைத்ததுபோல் இருக்கும். அதன் பெரிய எழுத்தை வட ஐரோப்பாவின் சாமி மக்கள் ஒரு மாதிரி எழுதுகிறார்கள்; ஆப்பிரிக்க மொழியினர் பலர் வேறு மாதிரி எழுதுகிறார்கள். எது சரி என்று ஜென்டியம் தீர்ப்புச் சொல்வதில்லை. இரண்டும் உள்ளே இருக்கின்றன.

சாய்வெழுத்தில் இன்னொரு சிக்கல். சிறிய ‘ஏ’யின் தலையில் வளைவு இருந்தால் ஒலியியலில் அது ஓர் உயிரொலி; வளைவு இல்லாவிட்டால் வேறோர் உயிரொலி. வழக்கமான சாய்வெழுத்தில் அந்த வளைவு மறைந்துவிடும், ஒலியே மாறிப்போகும்! அதனால் வளைவு கெடாமல் சாய்த்த வடிவத்தையும் ஜென்டியத்தில் சேர்த்திருக்கிறார்கள். சிலருக்கே பயன்படும் நுணுக்கம் இது. அந்தச் சிலருக்காகவும் மெனக்கெட்டிருப்பதுதான் பெரிய காரியம்.

2005-இல் ஜென்டியம், எஸ்.ஐ.எல். வகுத்த திறந்த எழுத்துரு உரிமத்தின் கீழ் வந்தது. காசில்லாமல் பயன்படுத்தலாம், நூல்களில் பதிக்கலாம், திருத்தலாம். எழுத்துருவை மட்டும் தனியே விற்கக் கூடாது; திருத்தியதையும் அதே உரிமத்தில்தான் தர வேண்டும்.

ஜென்டியத்தில் தமிழ் எழுத்துகள் இல்லை. ஆனால் நோட்டோ தமிழ், மீரா இனிமை, கேட்டமரன் எழுத்துருக்கள் நமக்குக் கிடைப்பது இதே உரிமத்தில்தான்.