குழந்தைக்கு முதல் சோறு: லீவு கணக்கை முதல்ல போடுங்க

பணத்தைப் பத்திப் பேசுற சேனல்ல குழந்தைச் சாப்பாட்டுக்கு என்ன வேலைன்னு கேப்பீங்க. ஆனா சிவகாசி, விருதுநகர் பக்கம் நான் பார்க்கிற பல வீடுகள்ல, குழந்தைக்கு எப்போ கஞ்சி ஆரம்பிக்கணும்ங்கறதை அம்மாவோட லீவு லெட்டர்தான் முடிவு பண்ணுது.

உலக சுகாதார நிறுவனம் சொல்றது இதுதான்: முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டும், தண்ணி கூட வேண்டாம். 6 மாதம் முடிஞ்சதும் திட உணவு, கூடவே 2 வயசு வரைக்குமோ அதுக்கு மேலயோ தாய்ப்பால். பிறக்கும்போது உடம்புல இருந்த இரும்புச்சத்து அந்த நேரத்துல குறைஞ்சிடும், அதுக்கு மேல பால் மட்டும் பத்தாது.

இப்போ லீவு. 2017 திருத்தத்துல இருந்து முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோட லீவு உண்டு. அதுல 8 வாரம் வரைக்கும் பிரசவத்துக்கு முன்னாடி எடுக்கலாம். "எடுக்கலாம்"னுதான் இருக்கு, எடுத்தே ஆகணும்னு இல்லை. எட்டையும் முன்னாடியே எடுத்துட்டா மிச்சம் 18 வாரம். குழந்தைக்கு நாலு மாசம் முடியறப்பவே நீங்க ஆபீஸ்ல இருப்பீங்க. பாட்டி பாவம், வேற வழியில்லாம கேப்பைக் கஞ்சியைக் கரைக்க ஆரம்பிச்சிடுவாங்க.

உடம்பு ஒத்துழைச்சு, டாக்டரும் சரின்னா, முன்னாடி எடுக்கிற வாரங்களைக் குறைங்க. முடியலைன்னா அந்த 8 வாரத்துக்குச் சம்பளமில்லாத லீவு போடத் தயாராகுங்க. மாசம் 25,000 சம்பளம்னா 50,000 வேணும். கர்ப்பம் உறுதியானதும் ஆர்.டி.ல மாசம் 5,000 போட்டா 10 மாசத்துல கையில வந்துடும். இந்தப் பணத்தை மியூச்சுவல் ஃபண்ட்ல போடாதீங்க, தேதி தெரிஞ்ச செலவு இது.

பட்டாசு, அச்சகம், தீப்பெட்டி கம்பெனிகள்ல இருக்கிறவங்க இ.எஸ்.ஐ.யைப் பாருங்க. மாசச் சம்பளம் 21,000 வரைக்கும்னா அதுல வருவீங்க. 26 வாரத்துக்கு முழுச் சராசரிக் கூலியும் கிடைக்கும். ஆனா அதுக்கு முந்தின இரண்டு பங்களிப்புக் காலங்கள்ல குறைஞ்சது 70 நாளுக்குச் சந்தா கட்டியிருக்கணும். கம்பெனில பிடிக்கிறாங்கன்னு நம்பிட்டு இருக்காம, உங்க நம்பர்ல பணம் ஏறுதான்னு இன்னைக்கே பாருங்க. இன்னொண்ணு, மருந்து வேலை பார்த்துட்டு வர்ற அப்பா குளிச்சு உடை மாத்தின பிறகுதான் குழந்தைக்கு ஊட்டணும். இது ஆடிட்டர் சொல்ல வேண்டியதில்லை, இருந்தாலும் சொல்லிட்டேன்!

சரி, சாப்பாட்டுச் செலவு. உதாரணத்துக்கு 300 கிராம் டப்பா மாவு 300 ரூபாய்னு வச்சுக்கங்க. ஒரு நாளைக்கு 40 கிராம்னா மாசம் 1,200 ரூபாய். அதே அளவு அரிசியும் பாசிப்பருப்பும் கிலோ 120 ரூபாய்னு கணக்குப் போட்டாலும் 150-ஐத் தாண்டாது. விருதுநகர் பருப்பு மார்க்கெட்டைப் பக்கத்துல வச்சுக்கிட்டு டப்பாவுக்கு ஏன் போகணும்? சுவிட்சர்லாந்தோட பப்ளிக் ஐ அமைப்பு 2024 ஏப்ரல்ல வெளியிட்ட அறிக்கையில, இந்தியாவில் விற்ற செரிலாக்ல சர்க்கரை சேர்த்திருந்தது தெரிஞ்சது. அதனால டப்பா வாங்கினாலும் பின்பக்கத்தைப் படிங்க.

மிச்சமாகுற ஆயிரம் ரூபாயை எஸ்.ஐ.பி.ல போடச் சொல்வேன்னு நினைச்சீங்களா? வேண்டாம். முட்டை, மீன், கீரை, நெய் வாங்குங்க. நல்லா வேகவச்ச முட்டையை 6 மாசத்துக்குப் பிறகு மசிச்சுக் கொடுக்கலாம். ஒவ்வொரு புது உணவுக்கும் மூணு நாள் இடைவெளி விடுங்க. முதல்ல இரண்டு மூணு ஸ்பூன், ஒரு நாளைக்கு 2-3 வேளை, 9 மாசத்துக்கு மேல 3-4 வேளை. ஒரு வயசு வரைக்கும் தேன் கூடவே கூடாது. சொந்தக்காரங்க ஆசையா ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவை நாக்குல தடவ வந்தா, சிரிச்சுக்கிட்டே வாங்கி நீங்க சாப்பிட்டுடுங்க.

அங்கன்வாடியில 6 மாசத்துல இருந்து 3 வயசு வரைக்கும் சத்துமாவு இலவசம். சம்பளக்காரர் வீட்டுக் குழந்தைக்கும் உண்டு. கௌரவம் பார்க்காம பேரைப் பதிஞ்சுட்டா, எடை போட்டு வளர்ச்சியையும் பார்த்துச் சொல்வாங்க.

வேலைக்குத் திரும்பும்போது ஹெச்.ஆர்.கிட்ட இரண்டு கேள்வி கேளுங்க. 50 பேருக்கு மேல இருக்கிற நிறுவனம்னா குழந்தைக் காப்பகம் எங்கே? குழந்தைக்கு 15 மாசம் ஆகுற வரைக்கும் சட்டம் தர்ற இரண்டு பாலூட்டும் இடைவேளை எத்தனை மணிக்கு? பதிலை மெயில்லயே வாங்கிக்கங்க.