வீட்டுக்குள் ஒரு சிறு கடல்

சித்திரை மாத நண்பகலில் முற்றத்தில் இருக்கும் அண்டாத் தண்ணீரில் கையை விட்டுப் பாருங்கள், சுடும். அதே நேரத்தில் ஊர் ஏரியில் இறங்கினால் மேல்நீர் மட்டும் வெதுவெதுப்பாக இருக்கும். முழங்காலுக்குக் கீழே குளிர்ச்சிதான். இரண்டின் மேலும் விழுவது ஒரே வெயில். ஆனால் ஏரியில் நீர் மிகுதி, அண்டாவில் குறைவு. இந்த வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொண்டால், கண்ணாடித் தொட்டியில் பவளம் வளர்ப்பது ஏன் அவ்வளவு கடினம் என்பது பாதி விளங்கிவிடும்.

மேல்நாடுகளில் வீட்டுக்குள் கடல்நீர்த் தொட்டி வைத்து அதில் உயிருள்ள பவளங்களை வளர்ப்பவர்கள் ஏராளமாக இருக்கிறார்கள். ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் ஜப்பானிலும் இது பெரிய பொழுதுபோக்கு. ஆனால் நெடுங்காலம் வரை தொட்டியில் வைத்த பவளங்கள் சில வாரங்களில் மடிந்துபோவதே வழக்கமாக இருந்தது. இந்தோனேசியாவின் ஜகார்த்தாவில் வாழ்ந்த லீ சின் எங் என்பவர், அவற்றைத் தொட்டியில் உயிருடன் வைத்திருக்கும் தம் முறையை 1961இல் ஓர் அமெரிக்க மீன்வளர்ப்பு இதழில் எழுதினார். கடலடியிலிருந்து எடுத்த, நுண்ணுயிர்கள் குடியிருக்கும் பாறைத் துண்டுகள், மேலேயிருந்து விழும் சூரிய ஒளி, நீரைக் கலக்கிவிடக் காற்றுக் குமிழிகள். இவைதாம் அவருடைய கருவிகள். மீன்களின் கழிவிலிருந்து வரும் நச்சான அம்மோனியாவை அந்தப் பாறையில் வாழும் பாக்டீரியாக்கள் படிப்படியாக நைட்ரேட்டாக மாற்றிவிடுகின்றன. அவருக்கு வெயிலும் கடலும் பக்கத்திலேயே இருந்தன. பனிக்கால பெர்லினில் இருப்பவர் அவை ஒவ்வொன்றையும் மின்சாரத்தால் உண்டாக்க வேண்டும்.

முதலில் பவளம் எது என்று பார்ப்போம். பவளப்பூச்சி என்று நாம் பெயர் வைத்திருந்தாலும் அது பூச்சி அல்ல. சொறிமீனுக்கும் கடற்சாமந்திக்கும் உறவினமான, வாயைச் சுற்றி மெல்லிய உணர்விழைகள் கொண்ட சிற்றுயிர். ஆயிரக்கணக்கானவை ஒன்றாக ஒட்டி வாழ்ந்து, தமக்குக் கீழே சுண்ணாம்புக் கூட்டைக் கட்டுகின்றன. இதன் திசுக்களுக்குள் சூசாந்தெல்லே எனப்படும் ஒருசெல் பாசிகள் குடியிருக்கின்றன. ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பில் பத்து லட்சம் பாசிகள்கூட இருக்கும். அவை ஒளிச்சேர்க்கை செய்து உண்டாக்கும் உணவின் பெரும்பகுதி பவளத்துக்குப் போகிறது; பவளத்தின் கழிவுகள் பாசிக்கு உரமாகின்றன. குடக்கூலிக்கு இருப்பவர் வீட்டுக்காரருக்குச் சமைத்துப் போடுவது போன்ற ஏற்பாடு! பாசி இல்லாவிட்டால் பவளத்துக்கு நிறமும் இல்லை. உணவில் பெரும்பங்கும் இல்லை.

ஆகவே பவளத்துக்கு ஒளி வேண்டும். எந்த ஒளி? நீர் செந்நிறத்தை விரைவாக உறிஞ்சிவிடும். 5 மீட்டர் ஆழத்துக்குள் ஆழ்ந்த சிவப்பின் பெரும்பகுதி போய்விடுகிறது. நீலம் மட்டும் வெகு ஆழம் வரை இறங்கும். அந்த நீல ஒளியைப் பயன்படுத்திக்கொள்ளும் நிறமிகள் பாசியிடம் உள்ளன. பவளத் தொட்டிகளின் மேல் நீல எல்.இ.டி. விளக்குகள் தொங்குவது வெறும் அழகுக்காக அல்ல. ஆனால் மங்கலான இடத்தில் இருந்த பவளத்தைத் திடீரென்று பளிச்சென்ற விளக்கின் கீழ் வைத்தால் அது கெட்டுவிடும். நாற்றங்காலில் நிழலில் வளர்ந்த செடியை நேரே உச்சிவெயிலில் நடுவதில்லை அல்லவா?

இனி வெப்பத்துக்கு வருவோம். இங்கே கொஞ்சம் கணக்குப் போட வேண்டும், பென்சிலை எடுத்துக்கொள்ளுங்கள். தொட்டியில் 100 லிட்டர் கடல்நீர் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் நிறை 100 கிலோகிராமுக்குச் சற்று அதிகம். தன்வெப்பம் கிலோகிராமுக்கு ஏறக்குறைய 4,000 ஜூல். ஆகவே முழுத் தொட்டியும் 1 பாகை சூடேற 4,00,000 ஜூல் தேவை. விளக்கும் நீரேற்றும் மோட்டாரும் சேர்ந்து 100 வாட் வெப்பம் தருகின்றன என்றால், ஒரு மணி நேரத்தில் 3,60,000 ஜூல். வெப்பம் வெளியேற வழியில்லை என்றால் மணிக்கு 0.9 பாகை ஏறும். பத்து மணி நேரத்தில் 9 பாகை!

பெரும்பாலான பவளங்களுக்குத் தொட்டியில் 25 முதல் 27 பாகை செல்சியஸ் வரை ஏற்றது. அவை வாழும் கடலில் கோடைக்காலத்து வழக்கமான உச்சத்தைவிட 1 பாகை கூடி, அது சில வாரங்கள் நீடித்தாலே போதும். பவளங்கள் வெளுக்கத் தொடங்கிவிடும். சூடு மிகும்போது பாசியின் ஒளிச்சேர்க்கை இயந்திரம் பழுதுபடுகிறது. ஒளி மட்டும் முன்போலவே வந்து விழுந்துகொண்டிருக்கிறது. பயன்படுத்த முடியாத அந்த ஆற்றலால் தீங்கான ஆக்சிஜன் சேர்மங்கள் உண்டாகின்றன. பவளம் பாசியை வெளியேற்றிவிடுகிறது. கண்ணாடி போன்ற திசுவின் ஊடே வெள்ளைக் கூடு தெரிகிறது. அப்போதும் பவளம் இறந்துவிடவில்லை, பட்டினி கிடக்கிறது. சில வாரங்களில் நீர் குளிர்ந்தால் பாசிகள் மீண்டும் பெருகி அது பிழைக்கலாம். நம் மன்னார் வளைகுடாவில் 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் இப்படிப் பெருமளவு வெளுப்பு ஏற்பட்டது.

தொட்டியின் வெப்பத்தைத் தணிக்க எளிய வழி ஒன்று உண்டு. மண்பானை எப்படித் தண்ணீரைக் குளிர்விக்கிறதோ அதே வழி. நீர்ப்பரப்பின் மேல் ஒரு சிறு மின்விசிறியைச் சுழலவிட்டால் நீர் ஆவியாகும். ஒவ்வொரு கிலோகிராம் நீரும் ஆவியாகும்போது ஏறக்குறைய 24 லட்சம் ஜூல் உள்ளுறை வெப்பத்தை எடுத்துச்செல்லும். நம் விளக்கும் மோட்டாரும் பத்து மணி நேரத்தில் கொடுத்தது 36 லட்சம் ஜூல். ஆக, ஒன்றரை லிட்டர் ஆவியானால் கணக்கு நேராகிவிடும். சென்னை, தூத்துக்குடி போல் காற்றில் ஈரம் மிகுந்த ஊர்களில் இந்த முறை அவ்வளவாக எடுபடாது என்பது வேறு.

ஆனால் ஒரு தொல்லையைத் தீர்த்தால் இன்னொன்று வந்து நிற்கிறது. ஆவியாவது நீர், உப்பு தொட்டியிலேயே தங்கிவிடுகிறது. தொட்டியில் லிட்டருக்கு 35 கிராம் வீதம் 3,500 கிராம் உப்பு. நாளைக்கு 2 லிட்டர் ஆவியானால் ஐந்தாம் நாள் முடிவில் அதே 3,500 கிராம் 90 லிட்டரில் இருக்கும். அதாவது லிட்டருக்கு ஏறக்குறைய 39 கிராம். குறைந்த நீரை எதனால் ஈடுசெய்வது? வகுப்பில் கேட்டால் பாதிப் பேராவது “கடல்நீரால்” என்பார்கள். கடல்நீர் ஊற்றினால் நாள்தோறும் 70 கிராம் உப்பு கூடும். 50 நாளில் உப்பு இரு மடங்காகிவிடும். ஊற்ற வேண்டியது நல்ல நீரே. அதுவும் உப்பில்லாத தூய நீர். குழாய் நீரில் செம்பு சிறிதளவு இருந்தாலும் பவளத்துக்கு நஞ்சு. ஒப்படர்த்தியை ஹைட்ரோமீட்டரால் நாள்தோறும் பார்த்து, 25 பாகை வெப்பத்தில் அது 1.026 அளவிலேயே நிற்கும்படி பார்த்துக்கொள்வார்கள்.

அடுத்து வருவது, என் நோக்கில், இந்தத் தொட்டியில் நடக்கும் வேலைகளிலேயே சுவையானது. பவளம் கூடு கட்டுகிறது என்றோம். அதற்கு நீரிலிருந்து கால்சியத்தையும் பைகார்பனேட்டையும் எடுத்துக் கால்சியம் கார்பனேட்டாகப் படியவைக்கிறது. ஒரு கால்சியம் அயனிக்கு இரண்டு பைகார்பனேட் அயனிகள் செலவாகின்றன. கொஞ்சம் கார்பன்-டை-ஆக்சைடும் நீரும் வெளியேறுகின்றன. கால்சியத்தின் அணு எடை 40. பைகார்பனேட் அயனியின் எடை 61. கால்சியம் கார்பனேட்டின் மூலக்கூறு எடை 100. இந்த மூன்று எண்களும் உங்கள் வேதியியல் புத்தகத்திலேயே உள்ளவை.

நம் 100 லிட்டர் கடல்நீரில் கால்சியம் ஏறக்குறைய 42 கிராம். பைகார்பனேட் ஏறக்குறைய 14 கிராம். பவளங்கள் 10 கிராம் கூடு கட்டினால் எவ்வளவு செலவாகும்? கால்சியம் 4 கிராம்; பைகார்பனேட் 12.2 கிராம். அதாவது கால்சியத்தில் பத்தில் ஒரு பங்குகூடக் குறையவில்லை. பைகார்பனேட்டோ ஏறத்தாழ துடைத்தெடுத்தாற்போல் ஆகிவிட்டது! நன்கு வளரும் பவளங்கள் நிறைந்த தொட்டியில் நாளைக்கு 1 கிராம் கூடு உருவாவது இயல்பே. ஆகவே கால்சியம் எவ்வளவு என்று மட்டும் சோதித்து மகிழ்ந்துகொண்டிருப்பவர் ஏமாந்துபோவார். கெட்டிக்காரர்கள் அடிக்கடி சோதிப்பது நீரின் காரத்தன்மையை, அதாவது பைகார்பனேட்டின் இருப்பை. திறந்த கடலில் இந்தக் கவலை இல்லை. அலையொன்று வருகிறது, பவளம் எடுத்ததற்கு ஈடான நீர் உடனே வந்துவிடுகிறது.

செலவானதை எப்படித் திருப்பித் தருவது? இதற்குப் பல கரைசல்கள் இப்போது விற்பனையில் உள்ளன. பழைய முறையோ நீங்கள் நன்கு அறிந்த ஒரு பொருளைப் பயன்படுத்துகிறது: தெளிந்த சுண்ணாம்பு நீர். ஆம், கரியமில வாயுவை ஊதினால் பால்போல் மாறும் என்று ஆய்வுக்கூடத்தில் செய்து பார்த்தீர்களே, அதேதான். சுண்ணாம்பு நீர் தொட்டியில் கரைந்துள்ள கார்பன்-டை-ஆக்சைடுடன் சேரும்போது கால்சியமும் பைகார்பனேட்டும் உண்டாகின்றன. பவளம் எடுத்துக்கொண்ட அதே விகிதத்தில்! ஒரு லிட்டர் தெளிந்த சுண்ணாம்பு நீரில் ஒன்றரை கிராம் அளவுக்குச் சுண்ணாம்பு கரைந்திருக்கும். 1 கிராம் கூட்டுக்கு 0.74 கிராம் சுண்ணாம்பு வேண்டும்; எனவே அரை லிட்டர் போதும். ஆவியாகிப்போன 2 லிட்டருக்கு ஈடாக ஊற்றும் தூய நீரில் அரை லிட்டரை இப்படிக் கொடுத்துவிட்டால் ஒரே கல்லில் இரண்டு மாங்காய்.

ஆனால் குவளையில் எடுத்து மடமடவென்று ஊற்றக் கூடாது. சுண்ணாம்பு நீரின் பி.எச். எண் 12க்கும் மேல்; கடல்நீருக்கு 8.1 அளவு. ஒரேயடியாக ஊற்றினால் சோதனைக் குழாயில் கண்ட அதே பால்நிறம் தொட்டியிலும் தோன்றி, கால்சியம் வீணே அடியில் படிந்துவிடும். மருத்துவமனையில் குளுகோஸ் ஏற்றுவதுபோலச் சொட்டுச் சொட்டாக, அதுவும் இரவில் விட வேண்டும். ஏன் இரவில்? பகலில் பாசிகள் கார்பன்-டை-ஆக்சைடை எடுத்துக்கொள்கின்றன. இரவில் ஒளிச்சேர்க்கை நின்று, எல்லா உயிர்களும் சுவாசிக்க மட்டுமே செய்வதால் அந்த வாயு மிகுந்து பி.எச். இறங்குகிறது. அந்த வேளையில் சுண்ணாம்பு நீர் சரியான மருந்து. சன்னல்களை மூடிவைத்த குளிர்நாட்டு வீட்டில் விருந்துக்குப் பலர் கூடிவிட்டால், அவர்கள் வெளியிடும் மூச்சுக்காற்றாலேயே தொட்டியின் பி.எச். குறைவதுண்டு! புகைபோக்கிகளும் வண்டிகளும் வெளியிடும் கார்பன்-டை-ஆக்சைடால் உலகக் கடல்களின் மேற்பரப்பு நீரிலும் இதுவே நடந்திருக்கிறது. தொழிற்புரட்சிக்கு முன் இருந்ததைவிடப் பி.எச். ஏறக்குறைய 0.1 குறைந்துள்ளது.

நீரோட்டத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். எந்தப் பொருளின் மேலும் மிக மெல்லிய அசையாத நீர்ப்படலம் ஒன்று ஒட்டியிருக்கும். ஆக்சிஜனும் உணவும் அதை விரவல் முறையில்தான் கடக்க வேண்டும். அது மிக மெதுவான வேலை. நீர் வேகமாக ஓடினால் படலம் மெலியும். தேநீரைக் கலக்காமல் வைத்தால் சர்க்கரை அடியிலேயே கிடப்பதைப் பார்த்திருக்கிறீர்கள். ஆகவே மோட்டார்கள் நீரை இங்குமங்கும் அலைக்கழித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

இதைப் படித்துவிட்டு இராமேசுவரம் கடற்கரைக்குப் பையோடு கிளம்பிவிடாதீர்கள். கல் பவளங்கள் அனைத்தும் 2001ஆம் ஆண்டிலிருந்து நம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. புலிக்குரிய பாதுகாப்பு அவற்றுக்கும் உண்டு. கடலிலிருந்து ஒரு துண்டை எடுப்பதும் குற்றம். ஒரு காலத்தில் மன்னார் வளைகுடாவில் பவளப்பாறைகளை வெட்டி எடுத்துச் சுண்ணாம்பாகச் சுட்டார்கள். தொட்டியில் பவளம் வளர்ப்பவரோ அதே சுண்ணாம்பைச் சொட்டுச் சொட்டாகப் பவளத்துக்கே திருப்பிக் கொடுக்கிறார்.

வீட்டுத் தொட்டிகளில் திரண்ட இந்த அறிவு இப்போது வேறிடங்களிலும் பயன்படுகிறது. பவளங்கள் ஆண்டுக்கு ஒருமுறை, குறித்த நிலவு நாளையொட்டி, இரவில் ஒருசேர முட்டைகளையும் விந்தையும் நீரில் விடுகின்றன. லண்டனில் உள்ள ஹார்னிமன் அருங்காட்சியகத்தார் வெப்பநிலையின் ஆண்டு ஏற்ற இறக்கம், சூரிய உதயம், மறைவு, வளர்பிறை, தேய்பிறை எல்லாவற்றையும் தொட்டியின் மேல் கருவிகளால் உண்டாக்கி, 2013இல் பவளங்களைத் தாம் எதிர்பார்த்த நாளிலேயே முட்டையிட வைத்தார்கள். அவர்கள் துணையோடு அமெரிக்காவின் ஃபுளோரிடா மீன்காட்சியகம், அந்தக் கடலில் அழியும் நிலையில் இருந்த தூண் பவளத்தை 2019 ஆகஸ்டில் தொட்டியில் முட்டையிடச் செய்தது.

அதே ஃபுளோரிடாவில் 2023 சூலையில் கடல் கடுமையாகச் சூடேறியது. ஆழம் குறைந்த மனட்டி விரிகுடாவில் 38 பாகைக்கு மேல் பதிவாயிற்று. அது பவளத்திட்டு அல்ல, கரையோரக் குட்டை போன்ற இடம், நம் அண்டாவுக்குப் பெரிய அண்ணன். ஆனால் பவளத்திட்டுகளிலும் வெப்பம் தாங்க முடியாத அளவுக்குப் போயிற்று. கடலடி நாற்றங்கால்களில் வளர்த்துவந்த பவளத் துண்டுகளை ஆய்வாளர்கள் படகுகளில் ஏற்றிக் கரைக்குக் கொண்டுவந்து, வெப்பம் கட்டுப்படுத்தப்பட்ட தொட்டிகளில் வைத்தார்கள். கடல் குளிர்ந்த பிறகு அவற்றில் ஒரு பகுதி மீண்டும் கடலுக்குள் இறக்கப்பட்டது.